வாட்டுத் தொட்டியில் வீணாகும் மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

புவி வெப்பமடைதல் குறித்த தங்கள் ஆசிரியர் தலையங்கம் மலையகத்தின் மண்சரிவையும் வரட்சியையும் சரியாகவே சுட்டியது. ஆனால் எரிபொருள் என்றதும் வாகனங்களோடு நின்றுவிட்டது. மாசி, பங்குனியில் நீர்மின் நிலையங்களுக்கு நீர் தரும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் மட்டம் இறங்கும்போது நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெய் மின்நிலையங்களுமே கைகொடுக்கின்றன. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு தேயிலைத் தொழிற்சாலைகளில், பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றுச் செலுத்தி வாட்டும் வாட்டுத் தொட்டிகளின் விசிறிகளில் வீணாகிறது. தொட்டியில் பரப்பிய கொழுந்துக்கு ஆரம்பத்தில்தான் முழுக் காற்று தேவை. மேலீரம் போனபின் குறைந்த காற்றே போதும். பல இடங்களில் அப்போதும் மோட்டார் முழு வேகத்தில் ஓட, காற்றுத் தடுப்பை மட்டும் பாதி மூடுகிறார்கள். பிரேக்கை மிதித்தபடி அக்சிலேட்டரை அழுத்துவது போலத்தான் இது.

விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வர்ட்டர் இதற்குப் போதும். ஆனால் வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் தடித்துப் பரப்பிய கொழுந்தைக் காற்று ஊடுருவாது; இலை சூடேறிச் சிவக்கும். மழைநாளில் வந்த ஈரக் கொழுந்துக்கோ முழு வேகம் நெடுநேரம் வேண்டும். இன்வர்ட்டர் பெட்டியின் காற்று வடிகட்டியில் தேயிலைத் தூசும் பஞ்சும் அடைத்தால் அது சூடாகி நின்றுவிடும். வடிகட்டியைத் துடைக்க ஆளில்லாத தொழிற்சாலைகளில்தான் 'மெஷின் சரியில்லை' என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். தோட்டக் கம்பனிகள் முதலில் ஒரேயொரு தொட்டியில் பொருத்தி, தனி மீற்றர் வைத்து அளந்து பார்க்கட்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர்களுக்கு இதில் செயன்முறைப் பயிற்சி அளிக்க வேண்டும்.

வாசகர்,
ஹற்றன்