மைதானத்தைத் தயார் செய்து தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிகளுக்கு இடையேயான கால்பந்துப் போட்டிகள் தொடங்கப்போகின்றன. ஜெர்சி வாங்கித் தந்தவர்களின் பெயர் ஜெர்சியிலேயே இருக்கிறது, அவர்களுக்கு நன்றி. இந்த மடல், பெயர் எங்கேயும் அச்சாகாதவர்களுக்கு. ஜெர்சிக்குப் பணம் தர ஆள் கிடைத்துவிடும். வடிகால் வெட்டத் தருவதற்குத்தான் யாரும் வருவதில்லை.

முதல் நன்றி, மட்டம் பார்த்துக் கொடுத்த கொத்தனார் அண்ணனுக்கும் மண் சுமந்தவர்களுக்கும். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும். தண்ணீர் நடுவில் தேங்கினால் ஆட்டம் நடக்காது. அதனால் ஒரு கோலிலிருந்து மறு கோல்வரை நடுவில் நெடுக மேடாகவும் இரு பக்க ஓரங்களை நோக்கிச் சரிவாகவும் தரையை அமைத்தார்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பது வாட்டம். எங்கள் மைதானத்தின் அகலம் 64 மீட்டர் என்பதால், நடுவிலிருந்து ஓரம்வரை 32 செ.மீ. இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய், வைத்து மட்டம் பார்க்கும்போது குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு தப்பிவிடும். அண்ணன் ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டி, குமிழி போன பிறகே குறி போட்டார்.

கோல் வாய்க் குழிதான் எந்தக் கல்லூரி மைதானத்திலும் தீராத தொல்லை. கோலி (கோல்கீப்பர்) நிற்கும் இடத்தில் புல் தேய்ந்து, மண் பறந்து, மழையில் குட்டையாகிவிடும். வழக்கமாக ஒரு வண்டி மண்ணைக் கொட்டி மேலாக மிதித்துவிடுவார்கள். முதல் மழையிலேயே அது உள்வாங்கிவிடும். இந்த முறை 15 செ.மீ. ஆழம் கொத்திவிட்டு, 5 செ.மீ. கனத்தில் மூன்று அடுக்காக மண் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஈரமாக்கித் திம்ஸு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) அடித்தார்கள். அடியில் இருக்கும் பழைய இறுகிய மண்ணைக் கொத்தாமல் புது மண் போட்டால் இரண்டும் ஒட்டாது. தண்ணீர் இடையில் தங்கி மேல்மண் வழுக்கும்.

அருகம்புல் தந்த பக்கத்து வயல்காரர்களுக்குத் தனி நன்றி. வேரோடு பிடுங்கிய கொடியை, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றினோம். வேர் பிடிக்கும்வரை காலையும் மாலையும் தண்ணீர். அதற்குப் பிறகு இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால்தான் வேர் கீழே இறங்கும். அருகு நிழலில் வராது. கிழக்கு மூலையில் மரத்தடியில் பிடிக்காமல் போனதற்கு நட்டவர்கள் பொறுப்பல்ல. மரத்தை வெட்டலாம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் நன்றி கிடையாது.

வெல்டர் அண்ணன் கோல் போஸ்டைச் சரிசெய்ததோடு நிற்காமல் மறுபடி அளந்தும் பார்த்தார். தரையில் மண் ஏற்றியதும் போஸ்டின் உயரம் குறைந்துவிடும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தரையிலிருந்து குறுக்குக் கம்பியின் அடிவிளிம்புவரை 2.44 மீட்டர், இரண்டு கம்பங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 7.32 மீட்டர் இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்த குறுக்குக் கம்பியை இறக்கி நிமிர்த்தினார். வலை மாட்டும் இரும்புக் கொக்கிகளை எல்லாம் அறுத்தெடுத்துவிட்டு பிளாஸ்டிக் கிளிப் போட்டுத் தந்தார். தாவும் கோலியின் விரல் கொக்கியில் சிக்கினால் சதை கிழிந்துவிடும். பயிற்சிக்கு வைத்திருக்கும் நகர்த்தும் போஸ்டின் பின்கம்பியில் மணல் மூட்டைகள் கட்டியதும் அவர்தான். சிறுபிள்ளைகள் தொங்கினால் அந்த போஸ்ட் முன்னால் கவிழும். உயிர் போகிற விஷயம் அது. மூட்டைகளை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

கோடு போட உதவிய சிவில் துறை மாணவர்களுக்கு நன்றி. 100-க்கு 64 மீட்டர் செவ்வகத்தில் மூலைவிட்டம் இரண்டுமே 118.73 மீட்டர் வர வேண்டும். வித்தியாசம் வந்தால் மூலை கோணிவிட்டது என்று அர்த்தம். நைலான் கயிறு இழுத்தால் நீளும் என்பதால் ஸ்டீல் டேப்பில் அளந்தார்கள். பெனால்டி பாக்ஸின் 16.5 மீட்டரைக் கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து அளந்தால் இரு பக்கமும் கம்பத்தின் கனம் அளவுக்குப் பாக்ஸ் அகன்றுவிடும். பாக்ஸுக்கு வெளியே வரும் வளைவுக்கு மையம் 11 மீட்டர் பெனால்டி புள்ளி, ஆரம் 9.15 மீட்டர். நடுவட்டம் சுற்றும்போது கயிறு முளையில் சுற்றிக்கொண்டு ஆரம் குறையாமலிருக்க, முளையில் தளர்வான வளையம் மாட்டினார்கள். எல்லாக் கோடுகளையும் கூட்டினால் ஏறக்குறைய 695 மீட்டர். சுட்ட சுண்ணாம்பைத் தொடவே இல்லை. ஈரம் பட்டால் அது தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். சறுக்கி விழுந்து தடுக்கும் ஆட்டத்துக்கு அது ஆகாது. சாக் பவுடர் போதும்.

சைக்கிள் கடை அண்ணாச்சி பழைய பந்துகளில் பாதியை மீட்டுத் தந்தார். காய்ந்த ஊசியை அப்படியே குத்துவதுதான் வால்வு கிழியக் காரணம். கிளிசரின் தடவிக் குத்தினால் வருடக்கணக்கில் வரும். விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை இருக்கலாம். எங்கள் இறுகிய செம்மண்ணில் 9-க்கு மேல் போனால் பந்து தவளையாகிவிடுகிறது. காலையில் அடித்த காற்று மதிய வெயிலில் ஏறும் என்பதால் ஆட்டத்துக்கு முன் கேஜ் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

கேன்டீன் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெறும் தண்ணீரும் இளநீரும் போதும் என்ற நினைப்பை மாற்றியவர் அவர். வியர்வையில் தண்ணீரோடு போகும் உப்புச்சத்தில் முக்கியமானது சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சோடியம் குறைவு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கூடவே எலுமிச்சம்பழச் சாறு. இதைத்தான் இப்போது பயிற்சிக்கு எடுத்துப்போகிறோம். உப்பைக் கூட்டிப் போட்டால் குமட்டும்.

பிசியோதெரபி படிக்கும் தோழிகள் சொல்லித் தந்த, காயம் வராமல் தடுக்கும் ஃபிஃபா 11+ வார்ம்-அப் பயிற்சி 20 நிமிடம்தான்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலுவும் சமநிலையும், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நடுவில் உள்ள 10 நிமிடத்தைத்தான் எல்லாரும் ஏமாற்றப் பார்ப்பார்கள், முழங்காலைக் காப்பாற்றுவதும் அதுதான்.

தகுதிப் படிவங்களைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, இனிஷியல் மாறியிருந்ததை முன்கூட்டியே பிடித்த அலுவலக அக்காவுக்கும், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்ட பி.டி. சாருக்கும் நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். மழை பெய்த மறுநாள் பைக்கை மைதானத்துக்குள் ஓட்டாதீர்கள். சக்கரத் தடம் காய்ந்தால் கல்லாகிவிடும்; கணுக்கால் பிசகுவது அதில்தான். ஷூட்டிங் பயிற்சிக்கு வருகிற பழைய மாணவர்கள் பெரிய கோல் வாயை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் நகர்த்தும் போஸ்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்துக்கு இரண்டு கார்னர் கொடிக்கம்பு குறைகிறது. 1.5 மீட்டருக்குக் குறையாமல், முனை மழுங்கலாக இருந்தால் மூங்கிலே போதும், இருப்பவர்கள் பி.டி. அறையில் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கல்லூரிக் கால்பந்து அணி