அந்த 13 கலைப்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. 1990 மார்ச் 18 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், போலீஸ் உடுப்பில் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து அந்த 13 கலைப்பொருள்களையும் திருடிப் போன இருவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கலாம். அதனால் திட்டுவதற்காக எழுதவில்லை. திருப்பிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஏப்ரலில் அங்கே போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் வெனிஸ் மாளிகை ஒன்றின் வெளிப்புறத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்ததுபோல் நான்கு பக்கச் சுவர்களும் நடுமுற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. மாடத்திலிருந்து ஆரஞ்சுப் பூக்களோடு நஸ்டர்டியம் கொடிகள் சரம்சரமாகத் தொங்கின. 1903இல் இதைத் திறந்த இசபெல்லா அம்மையார் மேல்மாடியிலேயே குடியிருந்தார். தனக்குப் பிறகும் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று உயில் எழுதினார்.

அப்புறம் டச்சு அறைக்குப் போனேன். பெரிய தங்கநிறச் சட்டம்; உள்ளே படம் இல்லை, சுவரின் பச்சைத் துணி மட்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633இல் தீட்டிய ‘கலிலேயக் கடல் புயல்’ என்ற ஓவியம் இருந்த இடம் அது. அவர் வரைந்த ஒரே கடல் காட்சி. படகில் 14 பேர். ஒருவர் மட்டும் ஒரு கையில் கயிறும் மறுகை தொப்பிமேலுமாக நம்மை நேராகப் பார்ப்பார். அது ரெம்பிராண்டேதான் என்கிறார்கள். அச்சுப் படத்தில் எத்தனையோ முறை பார்த்த அந்த முகத்தை நேரில் பார்க்க முடியாமல் அங்கேயே வெகுநேரம் நின்றேன். ஜன்னலோரம் இன்னொரு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘கச்சேரி’ இருந்த சட்டமும் காலிதான். உலகத்தில் அவர் ஓவியங்கள் 40கூட இல்லை.

ரெம்பிராண்டின் படத்தைச் சட்டத்திலிருந்து கத்தியால் அறுத்தெடுத்தார்கள். அது உங்களிடம் சுருட்டியபடி இருந்தால் தயவுசெய்து விரித்துப் பார்க்காதீர்கள். காய்ந்த வண்ணம் உதிர்ந்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

பயப்பட வேண்டாம். திருட்டுக்கு வழக்குப் போடும் காலவரம்பு எப்போதோ முடிந்துவிட்டது. வைத்திருந்த குற்றத்துக்கும் விலக்கு தருவது பற்றிப் பேசத் தயார் என்று அரசுத் தரப்பே சொல்லியிருக்கிறது. தகவலுக்கு ஒரு கோடி டாலர் வெகுமதியும் உண்டு. நேரில் வர மனமில்லையா, ஒரு வழக்கறிஞரை அனுப்புங்கள்.

எல்லாம் ஒன்றாக முடியாது என்றால் சரி, முதலில் அந்தப் புயலை அனுப்புங்கள். அதன் சட்டம் அதே சுவரில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
காலிச் சட்டத்தைப் பார்த்துத் திரும்பிய ஒருவர்