யாம்: மாஸ்கோவிலிருந்து பாட்டாவுக்கு

மாஸ்கோ

அன்புள்ள பாட்டாவுக்கு,

இங்கே நலம். குளிர் பழகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. கிரேச்கா என்று ஒரு தானியம் வேகவைத்துத் தருகிறார்கள், அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் இருந்தால் இறங்கிவிடும்.

அப்புறம், உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. மாயகோவ்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி நான் நடந்து போகும் தெருவுக்கு த்வெர்ஸ்கயா யாம்ஸ்கயா என்று பெயர். பழைய ரஷ்யாவில் தபால் குதிரை மாற்றும் நிலையம்தான் 'யாம்'. குதிரை ஓட்டியவர் 'யாம்ஷிக்'. அவர்கள் குடியிருந்த பேட்டை இது. ரஷ்ய மொழியில் 'யாமா' என்றால் குழி, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது மங்கோலியர்களோடு வந்த சொல்.

13ஆம் நூற்றாண்டில் செங்கிஸ்கானின் மகன் ஒகதாய் கான் தன் பேரரசு முழுக்க, ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றாக இந்த நிலையங்களை ஒழுங்குபடுத்தினார். களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரையில் ஏறித் தூதர் போய்க்கொண்டே இருப்பார். கான்களின் பிடி விட்ட பிறகும் மாஸ்கோ அரசர்கள் அந்த ஏற்பாட்டையும் விடவில்லை, பெயரையும் விடவில்லை.

என் அறைத்தோழி மங்கோலியத் தலைநகர் உலான்பத்தார் பெண். அவர்களுக்கு இன்றைக்கும் 'ஸாம்' என்றால் சாலை. ரயில் பாதை 'தொமோர் ஸாம்', அதாவது இரும்புச் சாலை. பழைய மங்கோலிய எழுத்தில் அது 'ஜாம்'. ரஷ்யர்களுக்கு அது வோல்கா பக்கத்துத் துருக்கி மொழிக்காரர்கள் வழியாக வந்ததால் 'யாம்' ஆனது. சீனர்கள் ரயில் நிலையத்தைச் சொல்லும் 'ஜான்' என்ற சொல்லும் மங்கோலியர் கொடுத்ததுதான். ஆனால் முதலில் இது யாருடைய சொல்? செங்கிஸ்கானுக்கு ஏறக்குறைய 700 வருடம் முன்பு வட சீனாவை ஆண்ட தோபா அரசில், தபால் குதிரைக்காரர்களுக்கு 'யாம்சின்' போன்ற ஒரு பெயர் இருந்ததைப் பழைய சீன வரலாற்று நூல் ஒன்று குறித்து வைத்திருக்கிறது. அவ்வளவு பழைய சொல்லின் மேல் தினமும் நடந்து போகிறேன் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம், பாட்டா.

யாம்ஷிக் வண்டியில் குதிரையின் கழுத்துக்கு மேலே வளைந்த மரச்சட்டம் இருக்கும், அதில் மணி தொங்கும். அதைப் படித்ததும் உங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபாலான அஞ்சலில் மணி கட்டிய கம்போடு அவர் ஓடியதைச் சொல்வீர்களே! எந்த ஊரில் பையை வாங்கினார், எங்கே அடுத்த ஆளிடம் கொடுத்தார்? ராத்திரியிலும் ஓட வேண்டியிருந்ததா? 1951இல் இந்தியத் தபாலோடு அஞ்சல் சேர்ந்த பிறகு அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? நினைவில் இருப்பதை எல்லாம் தம்பியிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என் தோழியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் பேத்தி