ஊற்றில் மிதப்பது டீசல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு சதுப்பு. அதன் ஓரத்தில் ஊற்று. இந்த மழைக்குப் பிறகு ஊற்று வாயில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்திருக்கிறது. மேலே எண்ணெய் மினுமினுப்பு வேறு. டீசல் கலந்துவிட்டது, ஃபேக்டரிக் கழிவு என்று பேச்சு கிளம்பி, போன வாரம் யாரோ ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது.

அது இரும்பு பாக்டீரியா. சந்தேகம் இருந்தால் அந்த மினுமினுப்பைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் விலகி மறுபடி கூடிக்கொள்ளும். இதுவோ கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக மிதக்கும்.

பாக்டீரியா என்றால் அழுகியதைத் தின்னும், இல்லாவிட்டால் ஒட்டுண்ணியாக நோய் தரும் என்றுதான் வகுப்பில் நானும் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடம் பாதிதான். நீரில் கரைந்த இரும்பை ஆக்சிஜனோடு சேர்த்துத் துருவாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழ்பவை இவை. வெயில்கூட வேண்டாம். இவற்றில் காலியோனெல்லா போன்றவை உடல் வளர்க்கத் தேவையான கார்பனைச் செடிகளைப் போலக் கார்பன் டை ஆக்சைடிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இரும்பில் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். அதனால் தன் உடம்பைவிடப் பல மடங்கு துருவை வெளியே தள்ளியாக வேண்டும். நாம் பார்க்கும் சேற்றில் பெரும்பகுதி அந்தத் துருதான். உயிரற்ற பொருளிலிருந்து ஆற்றல் எடுக்கும் உயிர்கள் உண்டு என்று ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880-களிலேயே கண்டு சொல்லிவிட்டார்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருதானே! அது தண்ணீரில் கரையாது. ஆனால் காற்றுப் புகாத சதுப்பின் அடியில், மட்கிய புல்லைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இந்தத் துருவைக் கொண்டே சுவாசிக்கின்றன. அப்போது துரு கரையும் இரும்பாகிவிடுகிறது. ஊற்றோடு வெளியே வந்து காற்றுப் பட்ட இடத்தில் நம் இரும்பு பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன.

பிளீச்சிங் பவுடர் போட்டால் சில நாள் மறையும். சதுப்பிலிருந்து இரும்பு வந்துகொண்டே இருப்பதால் திரும்பவும் படியும். இடையில் செத்துப்போவது தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும்தான்.

இந்த இரும்பு பாக்டீரியாக்கள் நோய் தருபவை அல்ல. ஆனால் குழாயை அடைக்கும், தொட்டியில் வாடை வரும். தண்ணீரைப் படிப்படியாக விழவிட்டுக் காற்றுப் படச் செய்து, மணல் தொட்டியில் வடித்தால் இரும்பில் பெரும்பகுதி நின்றுவிடும். குடிக்க ஏற்றதா என்பதற்கு மலக்கிருமிச் சோதனை தனியாக வேண்டும். அதற்கு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை தயவுசெய்து யாரும் மூட்டையோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.