ஏரிக்கரைக் கொட்டேஜுக்கு எத்தனை பேர்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதத்து விக்டோரியா தின நீண்ட வாரஇறுதி நெருங்கும்போது தங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மஸ்கோகா, ஹாலிபேர்ட்டன், கவார்த்தா ஏரிக்கரைகளில் உள்ள கொட்டேஜ்கள், அதாவது வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகள், வரிசைகட்டத் தொடங்கிவிடுகின்றன. அவற்றிற் பலவற்றின் கீழே "இருபது பேர் வரை தங்கலாம்" என்ற வரி தடித்த எழுத்தில் காணப்படுகிறது. அந்த ஒரு வரியைப் பற்றியதே இக்கடிதம். சிநேகிதர்களோடு சில நாள்கள் ஆறியிருக்கவென்று ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் போனதைவிடக் களைத்துத் திரும்புவதற்கும், சில வேளைகளில் அதைவிடப் பெரிய தீங்கு நேர்வதற்கும், கூட்டிச் செல்லும் ஆள்தொகையே முதற்காரணம் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாகாணத்து ஏரிகளுக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் முதற்பயணத்தில் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த பத்தொன்பது பேர் இருந்தோம். கொட்டேஜில் இருந்தவை மூன்று படுக்கையறைகள். ஸ்காபரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, 35ஆம் இலக்க வீதியில் வடக்கே திரும்பி, லிண்ட்சேயைக் கடந்து மிண்டனுக்கு அண்மையில் உள்ள அந்த இடத்தை அடைவதற்கு முன்னரே நாங்கள் மூன்று நாள் சமைத்து முடித்திருந்தோம். ஒரு மூட்டை அரிசி, ஆட்டிறைச்சி நிரம்பிய குளிர்ப்பெட்டிகள், இடியப்ப உரலும் தட்டுகளும், கலியாண வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பெரிய சட்டி, ஆளுயர ஒலிபெருக்கி எல்லாம் வான்களில் ஏறியிருந்தன. போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் கரி அடுப்பை மூட்டிவிட்டு 304 சீட்டு விளையாட உட்கார்ந்தார்கள். பெண்கள் ஐவரும் குசினிக்குள் நுழைந்தோம். குசினி யன்னலால் ஏரி தெரிந்தது. இரண்டு நாள்களில் நான் ஏரியைப் பார்த்தது பெரும்பாலும் அந்த யன்னலால்தான், அதுவும் சோறு வடிக்கையில். காலைத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி முடிப்பதற்குள் மத்தியானத்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டியிருந்ததே தவிர, டொக் என்று இங்குள்ளோர் சொல்லும் அந்த மரமேடையில் கால்நீட்டி இருக்க ஒரு மணி நேரம்கூட வாய்க்கவில்லை. வீட்டு வேலையை நூற்றெண்பது கிலோமீற்றர் தூரம் காவிச்சென்று செய்துவிட்டு வருவதற்கு நாங்கள் வாடகையும் கொடுத்திருந்தோம்.

சனிக்கிழமை பின்னேரம் குளியலறை வடிகாலிலிருந்து களக் களக் என்று ஒரு சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் மலசலகூடத்து நீர் கீழே போக மறுத்து மேலே ஏறத் தொடங்கியது. உரிமையாளரை அழைத்தபோது அவர் முதலிற் கேட்ட கேள்வி, "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்பதுதான். நாங்கள் எட்டுப்பேர் என்று சொல்லித்தான் வாடகைக்கு எடுத்திருந்தோம். முற்பணம் முழுவதையும் இழந்தோம். அவரிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தச் சத்தத்தின் காரணத்தை நம்மவர்கள் விளங்கிக்கொள்வது நல்லது. ரொறன்ரோவில் நாம் ஊற்றும் கழிவுநீர் நகரத்துச் சாக்கடைக் குழாய்களிற் சேர்ந்து கண்காணாத் தூரம் போய்விடுகிறது. ஏரிக்கரைக் கொட்டேஜ்களில் பெரும்பாலும் அப்படியொரு குழாய் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து நிலத்தடியில் புதைத்திருக்கும் தொட்டியில் அது தங்கி, அடையவேண்டியது அடைந்து, தெளிந்த நீர் மட்டும் மணற்படுகை வழியே மண்ணில் ஊறிப்போக வேண்டும். ஒன்ராறியோவின் கட்டடச் சட்டக்கோவை இந்தத் தொட்டியின் அளவைப் படுக்கையறைகளின் எண்ணிக்கையை முதன்மையாக வைத்தே கணக்கிடுகிறது. மூன்று படுக்கையறை வீட்டுக்கு அது எடுத்துக்கொள்ளும் நாளாந்தக் கழிவுநீர் 1600 லீற்றர். பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 84 லீற்றர் வரும். ஐந்து நிமிடக் குளியலும் நாலைந்து தடவை கழிப்பறைக்குப் போய்வருவதும் அவ்வளவையும் தின்றுவிடும் என்னும்போது, பெரிய சட்டிகளைக் கழுவிய நீருக்கு அதில் இடமேது? போதாததற்கு ஆட்டிறைச்சிக் கொழுப்பும் தாளித்த எண்ணெயும் குளிர்ந்து உறைந்து அந்த மணற்படுகையை அடைக்கின்றன. அடைபட்ட தொட்டியிலிருந்து கசிவது எங்கே போகும் என்றால், சரிவில் கீழே பிள்ளைகள் குளிக்கும் அதே ஏரிக்குத்தான். விருந்தாளிகளுக்காகக் கட்டில்களை அடுக்கிப் போட்டுவிடலாம். தொட்டியை அடுக்கிப் போட முடியாது.

சத்தத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இரவில் ஏரியின் மேல் குளிர்ந்த காற்றுத் தங்கி அதற்கு மேலே சூடான காற்று நிற்பதால், மேலெழும் ஒலி வளைந்து மறுபடி நீர்மட்டத்துக்கே இறங்குகிறது. அதனால் இக்கரையில் போடும் பாட்டு அக்கரையில் படுத்திருப்பவரின் தலையணைக்குள் கேட்கிறது. எங்கள் பாட்டைப் பற்றி முறையிட ஒரு முதியவர் இருட்டில் தோணி வலித்துக்கொண்டு வந்தார். அவர் எவ்வளவு பொறுமையாகப் பேசினார் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் நான் பேனாவை எடுத்ததற்கு உண்மையான காரணம் தொட்டியுமல்ல, பாட்டுமல்ல. அதே பயணத்தின் ஞாயிற்றுக்கிழமை காலையில், புறப்படும் அவசரத்தில் எல்லோரும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, டொக்கின் ஓரத்தில் சிறிய ரப்பர் செருப்பு ஒன்று தனியாகக் கிடப்பதைக் கண்டேன். எட்டிப் பார்த்தபோது ஏணிக்குப் பக்கத்தில், ஆறு வயதுப் பையன் நாடி வரை நீரில், தலையை அண்ணாந்தபடி நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தான். அவன் நிற்கவில்லை, அவன் காலுக்குக் கீழே நிலம் இல்லை. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மேடையில் குப்புறப் படுத்து அவனது சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். இப்போது அவனுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அவனுக்கு அது நினைவில்லை, எனக்கு இருக்கிறது. பத்தொன்பது பேர் இருந்த இடத்தில் ஒருவருமே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஏனென்றால் மற்றவர்களில் யாராவது பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தோம். நால்வர் மட்டும் போயிருந்தால் பிள்ளை எங்கே என்ற கேள்வி ஐந்து நிமிடத்துக்கொரு முறை எழுந்திருக்கும்.

நீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் அலறிக் கையசைப்பார் என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மூச்சுக்கே காற்றுப் போதாதவரால் அலற முடியாது. யாழ்ப்பாணத்தார் துலாக்கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள். நீந்தத் தெரிந்த சிலர் கீரிமலைக் கேணியிலோ கடலிலோ பழகியவர்கள். பருத்தித்துறைக் கடலில் மிதந்தவருக்கு உப்புநீர் ஓரளவு கைகொடுத்தது. இங்கத்தைய நன்னீர் அந்த அளவுக்குத் தூக்கிப் பிடிக்காது. மே மாத வாரஇறுதியில் வெளியே வெயில் எறித்தாலும், சில கிழமைகளுக்கு முன்னர்தான் பனிக்கட்டி உருகிய ஏரியின் நீர் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு பாகையிலேயே நிற்கும். அதற்குள் திடீரென விழுகிறவர் தம்மை அறியாமல் ஒருமுறை ஆவென்று மூச்சிழுப்பார். அந்த நேரம் தலை நீருக்குக் கீழே இருந்தால் நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

ஹாலிபேர்ட்டன் பகுதி ஏரிகள் பலவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள ட்ரென்டனிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடாவிலுள்ள போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீற்றர் நீளும் ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழிக்கு இந்த ஏரிகளே நீர்த்தேக்கங்கள். வசந்தத்தில் தேங்கும் நீர், படகுகள் ஓடுவதற்காகக் கோடை முழுவதும் அணைகள் வழியே கீழே விடப்படுகிறது. நம்மூர்க் குளம் வயலுக்குத் திறந்துவிட வற்றுவதைப் போல, இந்த ஏரிகளும் செப்ரெம்பரில் பல அடிகள் இறங்கிவிடும். ஜூன் மாதத்தில் தலைகீழாகப் பாய்ந்த இளைஞர் அதே மேடையிலிருந்து கோடையின் முடிவில் பாய்ந்தால் தலை பாறையில் மோதக்கூடும். போட்டில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பொருத்தமான உயிர்காப்பு அங்கி ஒன்று இருக்கவேண்டும் என்பதும், இயந்திரப் போட்டை ஓட்டுகிறவருக்கு அதற்கான அட்டை வேண்டும் என்பதும் சட்டம். எட்டுப்பேருக்கென்று கணக்குச் சொல்லி எடுத்த கொட்டேஜில் எத்தனை அங்கிகள் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இருந்தவற்றையும் எங்களிற் சிலர் டொக்கில் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் தொடர்ந்து போகிறேன் என்று கேட்பீர்கள். பதினொரு ஆண்டுகளாக நாங்கள் நான்கு சிநேகிதிகள் மட்டும், இங்கே செப்ரெம்பரின் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் கழிந்த அடுத்த கிழமையில், இரண்டு படுக்கையறைக் கொட்டேஜ் ஒன்றுக்குப் போகிறோம். பள்ளிகள் தொடங்கிவிடுவதால் வாடகை இறங்கிவிடும். மே, ஜூன் மாதங்களில் காதுக்குப் பின்னால் இரத்தம் வரக் கடிக்கும் கறுப்பு ஈக்கள் இருக்காது, நுளம்பும் அடங்கிவிடும், கோடை முழுவதும் சூடேறிய நீர் இன்னும் இளஞ்சூட்டோடு இருக்கும். சமையல் என்று ஒன்று இல்லை. பாண், முட்டை, போத்தலில் அடைத்த கட்டைச்சம்பல், ஒரு நாள் சோறும் பருப்பும், அவ்வளவுதான். அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒன்ராறியோவாசிகள் மீன்பிடி அனுமதிக்குப் பணம் கட்டவேண்டியதில்லை, அரசு அடையாள அட்டை கையில் இருந்தாற் போதும் என்பதால், எங்களில் ஒருத்தி தூண்டிலும் போடுகிறாள். பதினொரு ஆண்டில் உள்ளங்கையளவு பேர்ச் மீன்கள் நாலைந்து கிடைத்திருக்கின்றன. பொரித்தால் ஆளுக்கொரு வாய்.

செப்ரெம்பர் விடியற்காலையில் காற்று நீரைவிடக் குளிர்ந்துவிடுவதால் ஏரி முழுவதும் ஆவி எழும்பி, எதிர்க்கரை மறைந்துபோயிருக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டு, தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி, மரக்கதிரைகளில் நால்வரும் பேசாமல் இருப்போம். அப்போது அந்த வெண்மைக்குள்ளிருந்து லூன் பறவை கூப்பிடும். ஒரு டொலர் நாணயத்தில் நாம் நாளும் பார்க்கிற பறவைதான். ஆனால் அதன் நீண்ட ஓலத்தை முதன்முறை கேட்கிறவர் நெஞ்சு திடுக்கிடும். எங்களில் மட்டக்களப்பைச் சேர்ந்தவள், பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்ட தன் சிறுவயதுக் கதையை ஒவ்வோர் ஆண்டும் அந்த நேரத்தில் சொல்லுவாள். நாங்களும் முதன்முறை கேட்பதுபோலக் கேட்போம். ஒலிபெருக்கி போட்டிருந்த அந்த முதற்பயணத்தில் எந்தப் பறவை கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது.

கூடியிருப்பது நம்முடைய பண்பாடு, நாலுபேராகப் போய் ஒதுங்கியிருப்பது வெள்ளைக்காரர் பழக்கம் என்று என் மைத்துனர் சொல்லுவார். கூடியிருப்பதை நான் மறுக்கவில்லை. அதற்குத்தான் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைதோறும் பூங்காக்களில் ஒன்றுகூடல் வைக்கின்றன. அங்கே குழாய்நீர் உண்டு, பொதுக் கழிப்பறை உண்டு, கயிறிழுத்தலுக்கும் இடமுண்டு. முந்நூறு பேருக்குக் கொத்துரொட்டி போடலாம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லாத இளம் குடும்பங்கள் ஆகஸ்ட் கடைசியில் இரண்டு குடும்பமாகப் போகட்டும். நீர்ப்பக்கம் பிள்ளைகள் நிற்கும்போதெல்லாம் கைபேசி இல்லாத ஒரு பெரியவர் மணிக்கணக்கு முறைவைத்து டொக்கில் இருக்கட்டும்; சமையலுக்கும் அதே முறையை ஆண்களுக்கும் சேர்த்து வைக்கட்டும். இருபது பேர் பகிர்ந்தால் மலிவு என்ற கணக்கில் முற்பண இழப்பையும் சேர்த்துக்கொண்டால் அது அவ்வளவு மலிவாக வருவதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. குறுங்கால வாடகைக்கு உரிமம் கேட்கிற உள்ளூராட்சி மன்றங்கள் இப்போது பெருகிவிட்டன. எனவே தங்கள் பத்திரிகை கொட்டேஜ் விளம்பரங்களை ஏற்கும்போது, உரிமம் தேவைப்படும் இடமாயின் அந்த இலக்கத்தையும், படுக்கையறைகள் எத்தனை, உயிர்காப்பு அங்கிகள் எத்தனை, அவற்றுள் பிள்ளைகளுக்குரியவை எத்தனை என்பவற்றையும் கேட்டு வாங்கி, விளம்பரத்திலேயே அச்சிடும்படி செய்யவேண்டும். மூன்று படுக்கையறை வீட்டுக்கு "இருபது பேர்" என்று எழுதித் தருகிறவரிடம் அந்த வரியை நீக்கச் சொல்லவேண்டும். விக்டோரியா தின இதழிலிருந்தே இதைத் தொடங்க முடியுமானால், இந்த ஆண்டு முன்பதிவு செய்யப்போகிறவர்களுக்கு அது உதவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாசகி ஒருவர்,
ஸ்காபரோ.