மாடியில வத்தல் எங்க காயும்?

மதுரை,
ஆனி 20

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பேத்திக்கு அழகர்கோவில்ல மொட்டை. அதுக்கு வந்த சொந்தக்காரங்க கிளம்பவே அஞ்சு நாள். போதாததுக்கு வீட்டு போர் மோட்டார்ல காயில் போயிருச்சு. முப்பத்தஞ்சு வருஷம் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரா இருந்தவன் வீட்டுல மோட்டாரைக் கழட்ட ஆள் தேடினோம்னு உன் தங்கச்சி இன்னும் சொல்லிக்காட்டுறா.

காத்தாடிக் கரண்டைப் பத்திப் பேச நீயும் மைக் பிடிக்கப் போறேன்னு படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. காலேஜ் வாய்மொழிப் பரீட்சையில பேரைக் கேட்டாலே வேர்த்துக் கொட்டினவன் நீ. ஆரல்வாய்மொழிக் காத்துல முப்பது வருஷம் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கோபுரம் ஏறி இறங்கினவனுக்கு, பள்ளிக்கூடத்து மேடையில ஏற பயமா இருக்குங்கிற. "எப்படித்தான் பேசுற, ரெண்டு வரி எழுது"ன்னு கேட்டிருக்க. ரெண்டு வரியில அடங்காது மாப்ளே. சோலார், காலநிலைன்னு ரெண்டு வருஷத்துல நாப்பது கூட்டம் பேசியிருப்பேன். அதுல உருப்படியானது பத்து.

முதல் கூட்டம் மேலூர் பக்கம் ஒரு ஊர் மந்தையில. வெள்ளை வேட்டியைத் திரையாக் கட்டி, பனிப்பாறை உருகுறது, துருவக்கரடி, கார்பன் கணக்குன்னு முக்கால் மணி நேரம் படம் காட்டினேன். முடிஞ்சதும் ஒரு பெரியவர் எழுந்திரிச்சு, "நல்லாப் பேசுனீக தம்பி. இங்கிட்டு மழை எப்ப வரும்?"னு கேட்டார். அன்னையோட கரடிக்கு விடை கொடுத்துட்டேன்.

இப்ப என்கிட்ட இருக்கிறது ஒரு துணிப்பைதான். அதுல 20 வாட் சோலார் பேனல் ஒண்ணு, பழைய கம்ப்யூட்டர்ல கழட்டின சின்ன ஃபேன், வோல்ட் அளக்குற மல்டிமீட்டர், ஒரு சொம்பு. வெயில்ல பேனலைச் சாய்ச்சு வச்சா ஃபேன் சுத்தும். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பேனலோட ஒரு ஓரத்தை மட்டும் உள்ளங்கையால மறைக்கச் சொல்வேன். மிச்ச இடமெல்லாம் வெயில் அடிக்கும், ஆனா ஃபேன் சோர்ந்துரும். "வாய்க்கால்ல ஒரு இடத்துல மண் சரிஞ்சா கடைமடைக்குத் தண்ணி வருமா? அதே கதைதான்"னு சொன்னா, அதுக்கு மேல விளக்கமே வேண்டாம். அடுத்த நிமிஷம் அவங்களாவே பேச ஆரம்பிச்சுருவாங்க: எங்க வீட்டுத் தென்னை மட்டை நிழல், பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி நிழல், செல்போன் டவர் நிழல்.

சொம்பு எதுக்குன்னு கேக்குறியா? உச்சி வெயில்ல அரை மணி நேரம் கிடந்த பேனல்ல கை வைக்க முடியாது. மீட்டர் 19 வோல்ட்டுக்குப் பக்கத்துல காட்டும். ஒரு சொம்பு தண்ணியை ஊத்தினா முள் இருபதைத் தாண்டி ஏறும். கூட்டத்துல ஒரு சலசலப்பு வரும் பாரு, அதுக்காகவே நான் இன்னும் அலையுறேன். வெயில் கூடினா கரண்டும் கூடும்னுதான் எல்லாருக்கும் நினைப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதுக்குப் பகை. 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துல 0.3, 0.4 பங்கு குறையும். நம்ம சித்திரை வெயில்ல பேனல் 65 டிகிரி வரைக்கும் போகும், அதனால பேனல் அட்டையில எழுதியிருக்கிற வாட்டுல ஏழுல ஒரு பங்கு சூட்டிலேயே போயிரும். இதைச் சொன்னா யாவாரம் கெட்டுரும்னு ஒருத்தர் என்னைக் கடிஞ்சுக்கிட்டார். (வீட்டு மாடியில இந்தச் சொம்பு வித்தையைச் செய்யாதீங்க, கொதிக்கிற கண்ணாடி விரிசல் விடும், கழுவுறதுன்னா விடியக்காலையில கழுவுங்கன்னு மறக்காம சொல்லிருவேன்.)

உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல நடந்ததைக் கேளு. 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி வேணும், தெக்குப் பார்த்து லேசா சாய்ச்சா போதும், நம்ம ஊர் அட்சரேகையே 10 டிகிரிதான்னு கரும்பலகையில படம் போட்டுக்கிட்டு இருந்தேன். பின்னால இருந்து ஒரு அம்மா, "மாடி பூராம் கண்ணாடியை விரிச்சுட்டா நாங்க வத்தல் எங்க காயப்போடுறது? கோடையில எங்க படுக்குறது?"ன்னாங்க. நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இந்தக் கேள்வி இல்லை. ஆளுயரத்துக்கு மேல இரும்புச் சட்டம் அடிச்சு ஏத்தலாம்னேன். "நிழலுக்குக் கீழ வத்தல் எப்படிங்க காயும்?" அதுவும் சரிதான். கடைசியில அவங்க மாடியை நானும் அவங்களுமா அடி போட்டு அளந்து, மேக்கால பேனல், கெழக்கால வத்தல்னு பிரிச்சோம். அதுக்கப்புறம் எங்க போனாலும் முதல்ல மாடியில என்ன நடக்குதுன்னுதான் கேக்குறேன்.

"கரண்டு போனா சோலார் ஓடும்ல?" இந்தக் கேள்வி எல்லா ஊர்லயும் வரும், நீயும் தயாரா இரு. ஓடாது. பேட்டரி இல்லாத சாதாரண இணைப்புல, லைன்ல கரண்ட் நின்ன உடனே பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டரும் தானா நின்னுக்கும். இல்லேன்னா கம்பத்துல ஏறி வேலை பார்க்கிறவன் மேல நம்ம வீட்டுக் கரண்டு பாஞ்சுரும். பாதிப் பேருக்கு அப்பவே முகம் தொங்கிரும். பரவால்லைன்னு விட்டுரு.

இப்ப உன்கிட்ட மட்டும் ஒரு விஷயம். போன வருஷம் ஒரு சோலார் கடைக்காரர் என் கூட்டத்துக்கு ஷாமியானா, நாற்காலி, டீச் செலவெல்லாம் ஏத்துக்கிட்டார். நல்ல காரியம்தானேன்னு நானும் விட்டுட்டேன். நான் இறங்குறதுக்குள்ள வாசல்ல நின்னு நோட்டீஸ் குடுத்து, "இன்ஜினியர் சாரே சொன்னாருல்ல"ன்னு ஆளைப் பிடிச்சிருக்கார். ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தெருவுல ஒரு வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தினாங்க. 3 கிலோவாட் போட்டிருக்காங்க. பிரதமரோட வீட்டு மாடி சோலார் திட்டத்துல 3 கிலோவாட்டுக்குத்தான் முழு மானியம் 78,000 ரூபாய், அதனால அதையே தலையில கட்டியிருக்காங்க, மிச்சம் கடன். "உங்க பழைய பில்லுல எத்தனை யூனிட்?"னு கேட்டேன். ரெண்டு மாசத்துக்கு 220.

நீயே கணக்குப் போட்டுப் பாரு. நம்ம பக்கம் ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரி 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240. அவங்களுக்கு ஒண்ணே போதும். அதுலயும் முதல் 100 யூனிட் இலவசம், ஆக மிச்சமாகிற பில்லே கொஞ்சம். மூணு போட்டா 720 யூனிட் வரும், ஐநூறு யூனிட்டை ஊருக்குத் தள்ளிட்டு இவங்க தவணை கட்டுறாங்க. கடைக்காரர் பொய் ஒண்ணும் சொல்லலை. நானும் சொல்லலை. ஆனா மைக்ல பேசின ஒரு மணி நேரத்துல, "உங்க பில்லைக் காட்டுங்க"ன்னு நான் ஒருத்தரையும் கேக்கலை.

அன்னிக்கு ராத்திரி எனக்கு சாண எரிவாயு ஞாபகம் வந்துருச்சு மாப்ளே. உனக்கு நினைவிருக்கா? படிப்பு முடிச்ச புதுசுல நாம ரெண்டு பேரும் சைக்கிள்ல ஊர் ஊராப் போய்ப் பேசினோமே. "ரெண்டு மாடு இருந்தாப் போதும், அடுப்பு எரியும்"னு. 2 கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணம் வேணும், அதுக்கு நாலஞ்சு மாடாவது கட்டியிருக்கணும். நமக்கு அது தெரியும். கூட்டம் கலைஞ்சுரக் கூடாதேன்னு ரெண்டுன்னோம். அஞ்சாறு வருஷத்துல பாதித் தொட்டியில குப்பைதான் கிடந்துச்சு. ஜனங்க சாணத்தைக் குறை சொல்லலை, "இந்த இன்ஜினியருக சொல்றது அப்படித்தான்"னாங்க. நாப்பது வருஷம் கழிச்சு அதே தப்பை வேற பேருல செஞ்சிருக்கேன்.

இப்ப என் கூட்டத்துக்கு ஒரே நிபந்தனை: கரண்டு பில் கொண்டு வரணும், இல்லேன்னா போன்ல வந்த எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டணும். கடைசி அரை மணி நேரம் வரிசையா உட்கார்ந்து யூனிட்டை 240-ஆல வகுக்குறதுதான் வேலை. நூறுக்குள்ள வர்றவங்களுக்கு சோலாரே வேண்டாம்னு சொல்லிருவேன். அவங்களுக்கு ஃபேன் கணக்குதான். பழைய ஃபேன் 75 வாட், பதினஞ்சு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 67 யூனிட். கரண்டு கம்மியா இழுக்கிற பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட், அதே ஓட்டத்துக்கு 27. ஒரு மாவு மில்லுக்காரர், "சோலார் பேச வந்துட்டு ஃபேன் விக்கிறீகளே"ன்னு கேலி பண்ணினார். பண்ணட்டும்.

எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்காது. அரிட்டாபட்டி பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, கல்லூரியில படிக்குது, என்னை மடக்கிருச்சு. 2022-ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர். 2024 கடைசியில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா மேலூர் வட்டாரமே ரோட்டுல இறங்கி, 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சே, அந்த மண்ணு. "பேட்டரிக்கும் காத்தாடிக்கும் வேண்டிய கனிமம் எங்கிருந்து சார் வரும்? யாரோ ஒருத்தர் ஊர் மலையில இருந்துதானே?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். வேற ஒண்ணும் தோணலை. கைதட்டு இல்லாம முடிஞ்ச கூட்டம், ஆனா நான் வச்சிருக்கிற பத்துல அதுவும் ஒண்ணு.

கம்பம் பக்கம் போனா மட்டும் நமக்குத் தனி மரியாதை. டீக்கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல பென்னிகுயிக் படம் தொங்கும். 1895-ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி மேக்கே போன தண்ணியைக் கெழக்கே திருப்பின மனுஷன், இன்ஜினியர்னாலே அவங்களுக்கு அவர்தான். அதே தண்ணி லோயர் கேம்ப்ல விழுந்து மின்சாரம் ஆகிட்டுத்தான் வைகைக்குப் போகுது. புதுப்பிக்கிற மின்சாரம்னு நான் அங்க போய்ப் புதுசாச் சொல்ல ஒண்ணும் இல்லை, அவங்க வயல்ல பாயுறதே அதுதான்.

உன் பேச்சுக்கு வருவோம். 1986-ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல 55 கிலோவாட் காத்தாடி நின்னப்ப பார்க்கப் போனோமே, அங்க ஆரம்பி. இன்னைக்கு ஒத்தை மெஷினே 3 மெகாவாட், தமிழ்நாட்டுக் காத்தாடிக எல்லாம் சேர்ந்து 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு பிள்ளைகளுக்குத் தெரியும், மே முதல் செப்டம்பர் வரைக்கும் உன் காத்தாடி எதுக்குச் சுத்துதுன்னு சுலபமாப் புரிஞ்சுரும். ஆனா ஐப்பசியில காத்து விழுந்ததும் இறக்கை சும்மா நிக்குமே, அதையும் சொல்லு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே லைட் போடுறப்ப என் பேனல் தூங்கிருதுன்னு நான் சொல்றேன்ல, அது மாதிரி. கோபுரத்து மேல மதியச் சாப்பாடு சாப்பிட்ட கதையை விட்டுராத.

அந்த 3 கிலோவாட் வீட்டுக்கு போன வாரம் போனேன். பகல்ல கரண்டு வீணாப் போகுதே, இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிச் சமைச்சா சிலிண்டராவது மிஞ்சும்னு சொன்னேன். வாங்கியிருக்காங்க. வீட்டுக்காரர் காப்பி குடுத்தார். அந்தம்மா மட்டும் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை.

ஆவணியில திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. நீ வா, சேர்ந்து பேசுவோம். பேனல் பையை நான் எடுத்துக்கிறேன், காத்து அளக்குற கிண்ணக் கருவி ஒண்ணு உன் பரண்ல கிடக்கும்ல, அதைத் தூசி தட்டிக் கொண்டு வா. தங்கச்சியையும் கூட்டிட்டு வா, நேந்திரங்காய் சிப்ஸ் மறந்துராத.

உன்
சோழவந்தான்காரன்