ஓட்டைகளை அடைக்க வேண்டாம், அப்பா

ஒக்ஸ்போர்ட்,
27.01.2014

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதமும், தம்பி நமது மொரிஸ் மைனர் காரின் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு ஒவ்வொரு ஓட்டையையும் வெண்கட்டியால் வட்டமிட்டு எடுத்த 26 படங்களும் கார்த்திகைக் கடைசியிலேயே கைக்கு வந்து சேர்ந்துவிட்டன. இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. தொலைபேசியில் நான் சொல்வது தங்கள் காதில் சரியாக விழுவதில்லை என்று அக்கா சொன்ன நாளிலிருந்து, எழுதினால்தான் தங்களிடம் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு கிழமையும் தள்ளிப்போட்டேன். மாசி பிறந்ததும் காரின் தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ் வெல்டிங் தொடங்கப் போகிறார், எல்லா ஓட்டைகளையும் ஒரேயடியாக அடைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று நேற்று அக்கா சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை ஒரு துளையைக்கூட அவர் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் எங்கே அறிந்தேன் என்று கேட்பீர்கள். என் அறைக்குப் பக்கத்து வீட்டில் 78 வயதான ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார் என்று முன்பு அக்காவுக்கு எழுதியிருந்தேன். அவர் 15 வயதில் இந்த ஊரின் கௌலி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மொரிஸ் மைனரின் உடல் தகடுகளைப் பொருத்தும் பகுதியில் பல வருடங்கள் நின்றவர். நமது கார் பிறந்ததும் அதே தொழிற்சாலையில்தான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நான் நடந்தே போகக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது. இப்போது அங்கே மினி கார்கள் செய்கிறார்கள். இந்த மனிதர் கையில் வேலைக் கருவி இல்லாத நேரத்தில் யாரோடும் பேசமாட்டார். குளிரில் மூச்சு வெள்ளைப் புகையாக வரும்போதும் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தபடி தன்னுடைய மைனரைப் பிரித்துக்கொண்டிருப்பார். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் தனித்தனி ஜாம் போத்தலில் போட்டு, எங்கிருந்து கழற்றினார் என்று சீட்டு ஒட்டி வைப்பார். ஒரு சனிக்கிழமை தம்பியின் படங்களோடு அவருடைய வாசலில் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படங்களை வேலை மேசையில் வரிசையாகப் பரப்பி, பென்சிலால் இலக்கமிடத் தொடங்கினார். அன்று தொடக்கம் சனிக்கிழமைகளில் அவருக்குத் துருச் சுரண்டிக் கொடுக்கிறேன். அவருடைய மனைவி எனக்கும் சேர்த்துச் சூப் வைக்கிறார். கிழமையில் ஒரு நாளாவது பேச ஆள் இருப்பது நல்லதுதான்.

அவர் முதலில் கற்றுத் தந்தது, எது தொழிற்சாலை போட்ட துளை, எது பின்னால் யாரோ துளைத்தது, எது துரு தின்ற ஓட்டை என்று பிரித்தறியும் வழி. ஒரு பக்கத்தில் உள்ள துளைக்கு நேர் எதிரே மற்றப் பக்கத்திலும் அதே அளவில் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சில் அடித்தது. விளிம்பு வட்டமாகவும் சுத்தமாகவும் இருக்கும், உள்விளிம்பில் முதற்பூச்சு வர்ணமும் தெரியும். பின்னால் துளைத்ததாக இருந்தால், மறுபக்கத்தில் விரலால் தடவும்போது இரும்புப் பிசிறு கீறும். விளிம்பில் முதற்பூச்சு இராது. துரு ஓட்டையைத் திருப்புளியால் மெதுவாகத் தட்டினால் விளிம்பு பொரி போல உதிர்ந்துவிடும். தம்பி ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, காரின் உள்ளே ஒரு பல்பைக் கொளுத்தி வைத்து வெளியே நின்று பார்க்க வேண்டும். இந்த மனிதர் எனக்கு அப்படிக் காட்டினார். பகலில் நாம் காணாத துளைகள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிகின்றன. அளவெடுக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. துரப்பண ஊசியின் அடிப்பக்கத்தைத் துளைக்குள் விட்டுப் பார்த்து, எது இறுக்கமாகப் போகிறதோ அந்த அளவை எழுதி வைத்தால் போதும். பிறகு றபர் மூடி வாங்கும்போது அது உதவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 7ஆம் படத்தில் உள்ளது. சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே, தட்டில் ஒரு துளை இருக்கிறதல்லவா? டிங்கர் பாஸ் அதை முதலில் அடைக்கப் போவதாகத் தம்பி படத்தின் பின்னால் எழுதியிருந்தான். அப்பா, பிறேக் எண்ணெய் ஊற்றும் வழி அதுதான். மைனரில் பிறேக்கின் தலைச் சிலிண்டர் பொனட்டுக்குள் இல்லை. சாரதியின் காலுக்குக் கீழே, அடிச்சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றி, அந்த வழியாகத்தான் எண்ணெயைப் பார்க்கவும் ஊற்றவும் முடியும். தாங்கள் அந்த இடத்தில் குனிந்து ஊற்றுவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எதற்கு என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. அதன்மேல் தகடு வைத்து ஒட்டிவிட்டால், ஒரு நாள் எண்ணெய் குறைந்து, மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் மிதித்த கால் வெறுமனே இறங்கினால்தான் காரணம் தெரியவரும். இதைத் தாங்களே டிங்கர் பாஸிடம் சொல்ல வேண்டும். தம்பி சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள கீறல் போன்ற துளைகளும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் அடியில் உள்ளவையும் நீர் வடிவதற்கானவை. கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வெளியே வழிவதில்லை. ஒரு பங்கு கதவுக்குள் இறங்கி இந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை நமது ஊரில் பெய்யும் மழைக்கு இவை அடைபட்டால், கதவு உள்ளிருந்தே அழுகும். அந்தச் சட்டத்தின் துளையைத் தம்பி கம்பியால் குத்தியபோது வெள்ளை மணலும் சின்னச் சிப்பித் துண்டுகளும் கொட்டியதாகத் தாங்கள் எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். அது 2004ஆம் ஆண்டு கடல் வந்த அன்று உள்ளே புகுந்த மணல். ஒன்பது வருடமாக உப்போடு அது உள்ளேயே இருந்திருக்கிறது. நாம் கிணற்று நீரால் கழுவினோம். அந்தக் கிணறும் அப்போது உப்பாகத்தான் இருந்தது. ஆகவே, வெல்டிங் செய்வதற்கு முன் நல்ல நீரால் உட்புறத்தை மூன்று நான்கு தடவை அலசி, ஒரு கிழமை வெயிலில் காயவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு அதே துளைகள் வழியாக உருகிய மெழுகெண்ணெயை உள்ளே பீச்சிவிட வேண்டும். இங்கே துருவுக்கு அதுதான் மருந்து.

முன்கதவுக்குப் பின்னால் உள்ள தூண்களில் இரு பக்கமும் நீளமாக இருப்பவை, திரும்பும்போது வெளியே நீட்டும் செம்மஞ்சள் நிறக் கைகளின் கூடுகள். 1961ஆம் ஆண்டு வரை வந்த மைனர்களுக்கு அந்தக் கைதான். அதன் பிறகே மின்னும் விளக்கு வந்தது. நமது கார் 1958ஆம் ஆண்டு வண்டி என்பதால் அது இருந்தே ஆக வேண்டும். வலதுபக்கக் கை நீட்டிய பிறகு உள்ளே போகாமல் நிற்கும்போது, தாங்கள் முழங்கையால் தூணை ஓர் இடி இடிப்பீர்களே, அந்த இடத்தில் உள்ளங்கை அளவு நெளிவு இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நெளிவையும் எடுக்க வேண்டாம்.

இயந்திரத்துக்கும் நமது காலுக்கும் இடையிலுள்ள சுவரில் றபரால் மூடிய துளைகளைப் பற்றித் தாங்களே கேட்டிருந்தீர்கள். குளிர் நாட்டில் காருக்குள் வெப்பம் கொண்டுவரும் நீர்க்குழாய்கள் போகும் வழி அது. மட்டக்களப்பில் அதற்கு வேலையில்லை என்பதால் றபர் போட்டு மூடியிருக்கிறது. அதே சுவரின் மற்றப் பக்கத்தில் தகடு வைத்து மூடிய வட்டம், இடப்பக்கம் சுக்கான் வைக்கும் நாடுகளுக்காக விட்டதாம். ஒரே உடலை அடித்து இரண்டு வகை நாடுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இவை இரண்டையும் மூடியே வைக்கலாம், ஆனால் ஒட்ட வேண்டாம். மின்கம்பி போகும் துளைகளில் மட்டும் புதிய றபர் வளையம் கட்டாயம் போட வேண்டும். தகட்டின் விளிம்பு கம்பியை அறுத்தால் தீப்பிடிக்கும். டிக்கி மூடியில் உள்ள சின்னத் துளைகள் பெயர்ச் சின்னத்தின் ஆணிகளுக்கானவை. முன் மட்காட்டில் உள்ள தனித்துளை, கராஜ் மாமா வானொலிக் கம்பி வைக்கத் துளைத்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதை அடைத்துவிடலாம்.

பொனட்டின் நடுவில் நீளமாக ஓடும் தட்டையான பட்டை பழைய வெல்டிங் தழும்பா என்று தம்பி கேட்டிருந்தான். அது தழும்பு இல்லை. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் என்பவர், 1948ஆம் ஆண்டு அது வெளிவருவதற்கு முன், கார் ஒடுங்கலாக இருப்பதாக மனத்தில் பட்டு, மாதிரி வண்டியை நடுவே இரண்டாக அறுக்கச் செய்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். அந்த நான்கு அங்குலம்தான் பொனட்டில் பட்டையாக நிற்கிறது. அவர் துருக்கியின் ஸ்மிர்னாவில் பிறந்து, போரினால் இளவயதில் தாயோடு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்தப் பட்டையை இன்னொரு விதமாகப் பார்க்கிறேன்.

ஒரு படத்துக்கு மாத்திரம் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 19ஆம் படம். சாரதிக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால், பலகைக்குக் கீழே, ஒரு விரல் இடைவெளியில் இரண்டு சிறிய துளைகள். அவர் தன் காரில் தடவிப் பார்த்தார், அங்கே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை போட்டதில்லை, யாரோ கையால் துளைத்தது, எதற்கு என்று தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது, அப்பா. மண்டூர்த் திருவிழாவுக்குப் போன வருடம், பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டியதும் அம்மாவின் மடியிலிருந்து சொதிப் பானை சரிந்து, காருக்குள் ஒரு கிழமை தேங்காய்ப்பால் மணம் நின்றது. மறுநாள் காலையில் தாங்கள் அந்த இடத்தில் துளை போட்டு, பிரம்புக் கூடை தொங்குவதற்குப் பித்தளைக் கொக்கி ஒன்று வைத்தீர்கள். நான் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் முழந்தாளிட்டிருந்தேன். இரும்புத் தூள் என் உள்ளங்கையில் சுடச்சுட விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா இருக்கும்வரை அந்தக் கூடை அங்கேதான் தொங்கியது.

இதை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன், முடிக்க இயலவில்லை. அவர் விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்ப்பவர் போலத் திரும்பி நின்றார். அன்றிரவு அறைக்கு வந்து, உறைந்த தேங்காய்ப்பூப் பொட்டலத்தை உடைத்துச் சொதி வைத்தேன். பால் திரிந்துவிட்டது. தூக்கம் வராமல் ஜன்னலருகே இருந்தேன். கல்லடியில் இந்நேரம் விடிந்திருக்கும், தாங்கள் வாசலுக்கு நீர் தெளித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கொக்கி தங்கள் பழைய பிஸ்கட் தகரத்தில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அந்த இரண்டு துளைகளையும் யாரும் தொடக்கூடாது.

கொழும்பிலிருந்து வந்தவர் கேட்ட விலைக்குக் காரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் அக்கா மகளின் சாமத்தியச் சடங்கை முடிக்கலாம் என்று சின்ன மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கார் தங்களுடையது, முடிவும் தங்களுடையது. ஆனாலும் என் விருப்பத்தை மறைக்க மாட்டேன்; விற்க வேண்டாம். பிள்ளையின் சாமத்தியச் செலவுக்கு என் பங்கை நான் தருவேன். இந்த மாதப் பணத்தை இரண்டு தடவையாக அனுப்புகிறேன். வேலை நேரம் சற்று மாறியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு இங்கே செலவு குறைவு. போன வருட மேலங்கியே போதும், அறையில் வெப்பத்தை இரவில் மட்டும் போட்டுப் பழகிவிட்டேன்.

அடித்தட்டுகளை இங்கிருந்து அனுப்பும்படி தம்பி கேட்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அஞ்சலில் வந்த தட்டுகளைப் பிரித்தபோது, அவை இலங்கையில் அடிக்கப்பட்டவை என்று கண்டேன். மைனருக்கான தகடுகளை நமது நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கராஜ் மாமாவைக் கொழும்பில் விசாரிக்கச் சொல்லுங்கள். இங்கே வாங்கி அனுப்பும் கூலியில் அங்கே இரண்டு தட்டு வாங்கலாம்.

வவுணதீவு வயலின் உறுதிப் பத்திரத்தைச் சின்ன மாமாவிடம் கொடுப்பதற்கு முன், அக்காவும் தம்பியும் இருக்கும்போது நொத்தாரிசு முன்னிலையில் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அம்மாவின் பெயரில் உள்ள பங்கு தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று எனக்கு அறிய வேண்டும். பெரும்போக அறுவடைக்கு ஆள் கிடைக்காவிட்டால், ஆரையம்பதி மாமியின் மகனைக் கேளுங்கள். சென்ற வருடக் கூலியில் அவனுக்கு மிச்சம் இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். தங்கள் காதை வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே டிங்கர் பாஸ் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, 7ஆம், 19ஆம் படங்களைப் பற்றி மட்டும் நாளைக் காலையில் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். மீதியைத் தாங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்